ஈரத்தலைக்குக் கேள்வி இல்லை

திண்டுக்கல்லில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது பழைய ஆம்னி வேன். பக்கவாட்டுக் கதவு மூடும். மூடியபடியே இருக்கும் என்று சொல்ல முடியாது. "அக்கா, நீங்க இந்தப் பக்கம் உக்காந்து கைப்பிடிய இழுத்துப் பிடிச்சுக்கங்க. பள்ளம் வந்தா நான் சொல்றேன், அப்ப மட்டும் ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார் ஓட்டுநர் இருதயராஜ். கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு என்ன ஒரு வரவேற்பு! அவர் ஒருமுறைகூடப் பள்ளத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. வண்டி விழுந்து எழுந்த பிறகுதான் "பள்ளம்க்கா" என்பார்.

அதற்கு முந்தைய நாள், மதுரையில் ஏறிய பேருந்து என்னை ஊருக்குள் விடாமல் பைபாஸ் சாலையில் இறக்கிவிட்டிருந்தது. "பைபாஸ்னு சொல்லித்தானம்மா ஏத்துனேன், எறங்குங்க எறங்குங்க" என்று நடத்துநர் என் பெட்டியையும் என்னையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளினார். பெட்டியின் ஒரு சக்கரம் அங்கேயே கழன்று உருண்டு ஓடியது. மீதிச் சக்கரங்களோடு நான் ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் வந்து சேர்ந்தேன். ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு சேவல். அது வழி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளர். நோயைப் பார்ப்பது மருத்துவரின் வேலை என்றால், நோய் வந்த வீட்டைப் பார்ப்பது என் வேலை. யார் துணைக்கு இருப்பது, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, இனி மருந்து இல்லை என்று தெரிந்த பிறகு அந்த நாளை எப்படிக் கழிப்பது, எல்லாம். தலை நரைக்கத் தொடங்கும்வரை அதைச் செய்துகொண்டுதான் இருந்தேன். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு காலை, நான் வெகுநாளாகக் கவனித்துவந்த பள்ளி ஆசிரியை ஒருவர் என் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். அவர் கையை விட்டுவிட்டு நேராகக் கீழே இறங்கி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள், தின்றேன். மறுநாள் லிப்ட் வாசலில் என் கால்கள் நின்றுவிட்டன.

சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நின்றுவிட்டன. லிப்ட் கதவு திறக்கும், மூடும். நான் வெளியே நின்றுகொண்டிருப்பேன். இதயம் பார்த்தார்கள், நரம்பு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அழுகை மட்டும் வரவே இல்லை. எங்கள் தலைமை மருத்துவர் சீனர், நல்ல மனிதர், நாசூக்குத் தெரியாதவர். "ஒன்று மேலே வார்டுக்கு வா. இல்லையென்றால் கீழே பதிவு கவுன்டரில் உட்கார். அதற்கு முன்னால் இந்தியாவில் எனக்குத் தெரிந்த ஒரு குழு இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்" என்றார். கவுன்டர் என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். என் முன்னோர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடிக்கொண்டும் வரவில்லை.

அந்தக் குழு, வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் சின்னக் குழு. இருதயராஜ், முத்துலட்சுமி என்ற நர்ஸ், சமூகப் பணியாளர் செல்வமேரி. செல்வமேரிக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சின்னாளப்பட்டிச் சேலை, உரத்த சிரிப்பு. என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

"வாங்கக்கா. தோளு எங்க இருக்கு?"

"இருக்க வேண்டிய இடத்தில்தான்" என்றேன்.

"இல்லக்கா, காதுக்கிட்ட இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஆமாம், காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எத்தனை மாதமாக அப்படித் தூக்கி வைத்திருந்தேனோ தெரியவில்லை. அந்தக் குழுவில் யாரும் யாரையும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. அதற்கு எல்லாருமே பொய்தான் சொல்வார்கள் என்பது செல்வமேரியின் கட்சி. தோள் எங்கே, தாடை இறுகியிருக்கிறதா, காலையில் வயிறு பசித்ததா, இதைத்தான் கேட்கிறார்கள்.

நானும் இந்த உடம்புவழிப் பயிற்சியெல்லாம் பார்த்தவள்தான். எங்கள் ஊரில் நட்சத்திர ஓட்டலில் நடந்தது. வெள்ளைக்காரப் பயிற்சியாளர் பாயில் படுக்கச் சொல்லி, உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள் என்றார். ஏசி போட்டுத் தள்ளியிருந்தார்கள். என் உடம்பு அன்று சொன்ன ஒரே செய்தி, குளிர்கிறது என்பதுதான். இதை நான் சொன்னதும் செல்வமேரி வண்டி குலுங்கச் சிரித்தாள். கதவு என் கையிலிருந்து நழுவியது.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, பொடிப் பொடியாக ஆட்டுக்கறி, மிளகின் காரம். எங்கள் ஊர்ப் பிரியாணியில் அரிசி நீளமாக, ஆளுக்கொரு திசையில் விறைத்துக் கிடக்கும். இங்கே குட்டி அரிசி கறியோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது. ஈப்போவின் மானத்தைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் நிறையச் சோறு இருந்ததால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு தப்புச் செய்தேன். அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் வெளியே போயிருந்த மூவரும் வேனிலிருந்து இறங்கி வந்தார்கள். செல்வமேரியின் கூந்தல் ஈரமாக முதுகில் கிடந்தது, முத்துலட்சுமிக்கும் அப்படியே. இருதயராஜ் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே வந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "எங்கே மழை?" என்று நான் உற்சாகமாகக் கேட்டேன். மூவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர்கள் கேட்காமலே, சர்க்கரை தூக்கலாக மூன்று டீயும், சூடான பருப்பு வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பும்போதுதான் செல்வமேரி சொன்னாள். "ஒரு தாத்தா தவறிட்டாருக்கா. கேத வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிச்சுட்டுத்தான் வருவோம்." இறந்தவர் வீட்டைக் கேத வீடு என்கிறார்கள். திரும்புகிற வழியில் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் குளிப்பார்களாம். கேத வீட்டிலிருந்து கிளம்பி, தலையில் தண்ணீர் விழும்வரை வண்டியில் யாரும் பேசக் கூடாது. குளித்த பிறகு சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும். தலை காய்வதற்குள் அடுத்த நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. டீக்கடைக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து அவரே புரிந்துகொண்டது.

எனக்குச் சுருக்கென்றது. "அப்படியென்றால் தீட்டு என்றுதானே குளிக்கிறீர்கள்? நீங்கள் கவனித்த மனிதர் செத்ததும் தீட்டாகிவிட்டாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாகக் கேட்டது.

அவள் கோபப்படவில்லை. "நானும் காலேஜ்ல படிக்கையில இதையேதான்க்கா கேட்டேன். எங்க வீட்ல மாதா படம்தான் மாட்டியிருக்கு, ஆனா கேதத்துக்குப் போயிட்டு வந்தா எங்கம்மா பின்வாசல் வழியாத்தான் விடுவாங்க, குளிக்காம உள்ள வர முடியாது. அப்பெல்லாம் சண்டை போடுவேன். வேலைக்கு வந்தப்புறம் ஒரு வருஷம் குளிக்காமத்தான் இருந்தேன். எல்லாத்தையும் சுமந்துக்கிட்டே வீட்டுக்குப் போனேன். புள்ளைய அடிச்சேன், சோறு எறங்கல. அப்புறம்தான் யோசிச்சேன். தீட்ட விட்டுருவோம், தண்ணிய வச்சுக்குவோம்னு."

"குளித்தால் எல்லாருக்கும் சரியாகிவிடுகிறதா?"

"அதெப்புடி? முன்னாடி ஒரு நர்ஸ் இருந்தா. அம்புட்டுக் குளிச்சும் அவளுக்குத் தீரல. லீவு குடுத்தோம், டாக்டர்கிட்ட கூட்டிப் போனோம். இப்ப கடை வச்சிருக்கா, நல்லா இருக்கா. கேதமே வராத மாதிரி வேலைய மாத்திக் குடுக்க முடியாதுல்ல? முடிஞ்சத செய்யிறோம்."



மறுநாள் சாணார்பட்டி தாண்டி ஒரு வீடு. மல்லிகைத் தோட்டத்தின் நடுவே இரண்டு அறை. ராமாயி என்ற அறுபது வயதுப் பெண்மணிக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து. கவனித்துக்கொள்வது மகள் தனம். முத்துலட்சுமி ராமாயியிடம் போனாள். நான் வழக்கம்போல, ஈப்போவில் செய்வதைப் போல, மகளை உட்கார வைத்துப் பேச ஆயத்தமானேன். எங்கள் அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் மேசை, மேசை மேல் டிஷ்யூ பெட்டி. இங்கே தனம் உட்காரவே இல்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டு பறிக்கணும்க்கா. மலர்ந்துருச்சுன்னா யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள். அவள் தோளும் காதுக்கிட்ட இருந்தது.

செல்வமேரி அவளை உட்காரச் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்து வரிசையில் மொட்டு பறிக்க இறங்கினாள். இருவரும் வெகுநேரம் பறித்தார்கள். கை ஒரே வேகத்துக்கு வந்த பிறகு, தனமே திரும்பாமல் பேசினாள். "அம்மா ராத்திரி மூச்சு விடறப்ப நானும் கூடவே விடுறேன்க்கா. அது நிறுத்துனா எனக்கும் நின்னுருமோன்னு பயமா இருக்கு."

"அப்ப காலைத் தரையில நல்லா அழுத்திக்க. உன் மூச்சு வேற, அம்மா மூச்சு வேறன்னு அது சொல்லும்" என்றாள் செல்வமேரி, பறிப்பதை நிறுத்தாமலே. தனம் சொன்னதைப் போல ஒன்றை என்னுடைய எந்த மேசையிலும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குச் செல்வமேரிமேல் பொறாமை வந்தது, மரியாதையும் வந்தது.

நான் ராமாயி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார முயன்றேன். என் முட்டிகள் பிறந்ததிலிருந்து நாற்காலியிலேயே வளர்ந்தவை. பாதி தூரம் இறங்கி, சுவரைப் பிடித்து, மறுபடி எழுந்து, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினேன். ராமாயிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏந்தாயி, ஒங்க ஊர்ல தரையே கெடையாதா?"

"இருக்கிறது. அதில் உட்கார மாட்டோம்" என்றேன்.

"அடுத்த தடவ வா. நாற்காலியெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சுர்றேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். தனம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் ஆத்தூர்ப் பக்கம் போனோம். நீர்த்தேக்கக் கரையில் ஓடிய சாலையில் டயர் பஞ்சராகி, தென்னந்தோப்பு நிழலில் இளநீர் குடித்துக்கொண்டு பாதி நாள் போயிற்று. இளநீர்க்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்க சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "அங்கயும் தமிழ் இருக்கா?" என்று வியந்து, இன்னொரு இளநீரை இனாமாக வெட்டிக் கொடுத்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் ராமாயி போய்விட்டார்.

நாங்கள் போனபோது தனம் அடுப்படியில் வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "பால் பத்தல, யாராச்சும் பக்கத்து வீட்ல வாங்கியாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பெண்கள் வட்டமாகக் குத்துக்காலிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து, முன்னும் பின்னும் அசைந்து அழுதார்கள். புதிதாக யார் வந்தாலும் வட்டம் திறந்து அவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். செல்வமேரியும் முத்துலட்சுமியும் வந்த வேகத்தில் அதற்குள் போய்விட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். நோயாளி வீட்டாரைத் தேவையில்லாமல் தொடாதே, நீ அழாதே, தள்ளி நில் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

யாரோ தனத்தையும் அடுப்படியிலிருந்து இழுத்துவந்து வட்டத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இந்தாத்தா, நீயும் வா, என்ன நிக்கிற" என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்து இழுத்தார். மறுக்க நேரமில்லை. தனத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். ஒரு கை அவள் தோளில், மறுகை கிழவியின் தோளில். வட்டம் முன்னே போனது, பின்னே வந்தது. என் முட்டி இரண்டும் தீயாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் இடது கால் மரத்துப்போய்விட்டது. மறுபடி வட்டம் பின்னே வந்தபோது நான் அப்படியே மல்லாக்க விழுந்தேன்.

தனியாக விழுந்திருந்தால் பரவாயில்லை. தோளில் கை போட்டிருந்தேனே! தனமும் கிழவியும் என்னோடு சரிந்தார்கள், அவர்களோடு அடுத்தவர்கள். ஒப்பாரி பாதியில் அறுந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை. ஒரு சாவு வீட்டைக் கெடுத்துவிட்டேனே என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. தனம் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. "அம்மா சொல்லுச்சு... நாற்காலிய ஒளிச்சு வைப்பேன்னு சொல்லுச்சு..." என்றாள். யாரோ அதட்டப் போக, கிழவி கிடந்தபடியே "சிரிக்கட்டும் விடுங்கடி. ராமாயி இருந்தா அவதான் மொதல்ல சிரிச்சிருப்பா" என்றார். தனத்தின் சிரிப்பு மேலே மேலே ஏறி, எங்கே என்று தெரியாமல் அழுகையாகிவிட்டது. "அம்மா" என்று அவள் போட்ட அலறல் என் கழுத்தில் விழுந்தது. என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்ணில் கிடந்தபடியே அழுதாள். அவள் நெஞ்சு குலுங்குவது என் நெஞ்சில் கேட்டது. நான் தள்ளி நிற்கவில்லை, நிற்கவும் முடியாது, கால் மரத்திருந்தது.

திரும்பும்போது வேனில் பேச்சில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வாய் துடிக்க உட்கார்ந்திருந்தேன். பம்புசெட் வைத்திருப்பவர் கருப்பையா என்ற விவசாயி. அவர் மனைவியும் ஒரு காலத்தில் இவர்களுடைய நோயாளி. வேன் வந்து ஆட்கள் பேசாமல் இறங்கினால் யார் எவர் என்று கேட்காமல் மோட்டாரைப் போட்டுவிடுவாராம். அன்று வெளியே வந்து கையை விரித்தார். "கரண்டு இல்லத்தா. த்ரீ பேஸ் வரல. செத்த நேரம் இருங்க." தொட்டித் தண்ணீரையும் காலையிலேயே கத்தரிக்குத் திறந்துவிட்டுவிட்டாராம். காலித் தொட்டியின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தோம். விதி விதிதான். தண்ணீர் விழும்வரை பேசக் கூடாது. கத்தரிச்செடிகளைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்நாளிலேயே நீளமான மௌனத்தில் இருந்தேன்.

மோட்டார் அறையில் பல்பு எரிந்தது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீரைக் கொட்டியது. இருதயராஜ் தள்ளிப்போய்த் தென்னைக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஆண்கள் முறை அப்புறம். செல்வமேரி என் பிடரியில் உள்ளங்கையை வைத்து, புடவையோடு அப்படியே குழாயடியில் குனிய வைத்தாள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது கனமாகக் கழுத்தில் விழுந்தது. தோள்கள் தாமாக இறங்கின. அந்த ஆசிரியையின் கை என் கைக்குள் எப்படிக் கிடந்தது என்று நினைவு வந்தது. மோட்டார் இரைச்சலில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்காக அழுதேன், ராமாயிக்காக அழுதேன், பிஸ்கட் தின்ற எனக்காகவும் அழுதேன்.

ஈரம் சொட்டச் சொட்ட டீக்கடைக்கு வந்தோம். கடைக்காரர் என் தலையைப் பார்த்தார். பேசாமல் நான்காவது டீயையும் வைத்தார்.

ஈப்போ திரும்பியதும் தலைமை மருத்துவர் அழைத்தார். "கவுன்டரா, வார்டா?" என்றார். வார்டு என்றேன், ஒரு நிபந்தனையோடு. வார்டு இருக்கும் மாடியின் கோடியில் பழைய சாமான் அறை ஒன்று இருக்கிறது. அதில் குழாயும் தரையில் வடிகாலும் உண்டு. அதை ஊழியர்களுக்குக் குளியலறையாக ஆக்கித் தர வேண்டும், தண்ணீர் கனமாக விழ வேண்டும். "இந்தியாவுக்குப் போய்க் குளிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய்" என்று அவர் சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார். லிப்ட் வாசலில் என் கால்கள் முதல் நாள் நிற்கத்தான் பார்த்தன. செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் அழுத்தி நின்றுவிட்டு, அடுத்த லிப்டில் ஏறினேன்.

முதலில் அதில் குளித்தவள் நான்தான். ஈரத்தலையோடு கேன்டீனுக்குப் போனபோது தேநீர் ஆற்றும் சீனப் பெண் ஆ மெய் "வெளியே மழையா?" என்று சிரித்தாள். நான் அவளுக்கு ஒரே ஒருமுறை விளக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் ஈரக் கூந்தலோடு வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. ஆ மெய் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை தூக்கலாகத் தேநீர் மட்டும் வைத்தாள்.

போன வாரம் தலைமை மருத்துவர் கேன்டீனுக்குள் வந்தார். அவருக்கு முழு வழுக்கை, ஈரமா இல்லையா என்று சொல்வது கடினம். ஆனால் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. ஆ மெய் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் தேநீரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.